ஆறுமணிக் குருவியும் செவ்வெறும்புச் சேனையும்

வாழ்க உப்பளத்துக் கலியபெருமாள்! ஊசிமுனையால் உலகளந்த தையற்கோமான், தொந்திமலை சுமந்த தோன்றல், பிரெஞ்சுக்காரர் கப்பலேறிய நாள்முதல் வளர்த்த மீசையை வெற்றிக்கொடிபோல் பறக்கவிட்ட வீரன் வாழ்க!

அவ்வீரன் ஓர் ஐப்பசி நாளில், தாவரவியல் பூங்காவில் காட்டுக்குருவி ஒன்றைக் கண்டதாகவும், அதன் சிற்றுடலில் வானவில்லே குடியிருப்பதாகவும் வீட்டில் உரைக்க, சைக்கிள் கடை மைத்துனன் தேவதாஸ் நகைத்தான்.

“மீன்கொத்தியப் பாத்துட்டு வந்து அளக்காதீங்க, மாமா!”

மனைவி தனக்கொடியும் சேர்ந்து சிரித்தாள். மைத்துனன் சிரிப்பைத் தாங்கிய மார்பு மனையாள் சிரிப்பைத் தாங்கவில்லை.

“நாளைக்கு வா, காட்டறேன்! குருவி இல்லன்னா எம் மீசைய நீ எடு. இருந்துச்சுன்னா உம் மீசை எங் கத்தரிக்கோலுக்கு!” என்று குருசுக்குப்பம் வரை அதிர முழங்கினான்.

மறுநாள் அந்தி. மாமரத்தின் பின்னே இருவரும் மறைந்து நின்றனர். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவுவதால் ஆறுமணிக் குருவி எனப் பெயர்பெற்ற அச்சிற்றரசன், இரு சுரத்தில் சீழ்க்கையடித்து, நறுக்கிவிட்டாற்போன்ற குட்டைவால் துடிக்க, சருகுக்கடலைப் புரட்டிப் புழுக்களைச் சூறையாடியபடி, தத்தித் தத்தி எழுந்தருளினான். முதுகு பச்சை, தோளில் நீலம்.

“நீலம் தெரியுதே. மீன்கொத்திதான்!”

“தரையில சருகு பொறுக்கற மீன்கொத்திய எங்கடா பாத்த? திரும்பட்டும், வயித்தப் பாரு!”

அந்தோ! அக்கணமே மாமரத்துச் செவ்வெறும்புச் சேனை, தேரின்றிக் களிறின்றிக் காலாட்படையே கடலாய்ப் பெருகி, வீரனின் வேட்டிக்கோட்டைக்குள் புகுந்தது. கெண்டைக்கால் வீழ்ந்தது, முழங்கால் முற்றுகைக்குள்ளானது, அதற்கும் மேலே நிகழ்ந்த போரைச் சொல்ல நாக்கூசும். அசைந்தால் குருவி பறக்கும், குருவி பறந்தால் மீசை பறக்கும் என்றெண்ணிய அப்பெருந்தகை, கண்ணீர் தாரை தாரையாய் வழிய, கற்றூணாய் நின்றான்.

திரும்பியது குருவி! கண்ணில் கரும்பட்டை, தொண்டையில் வெண்மை, மார்பில் சந்தனம், வாலடியில் குங்குமச் செம்மை!

தேவதாஸ் வாய் பிளந்தான். “அய்யோ மாமா, என்னா அழகு! எம் மீசைய எடுத்துக்கங்க!”

“மீச கெடக்குது, மொதல்ல எறும்ப எடுடா!”

வீரன் ஆடிய வெற்றிக்கூத்தில் குருவி பறந்தது. வேட்டியும் பறந்தது.

தூறல் போட ஆரம்பித்ததால் இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.