முன்கண்ணாடியைக் குட்டையாக்கிய கதை

என் தலை இனிமேல் என் சொல்லைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதமாக உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்?

எனக்குத் தலையில் வியாதி ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். வியாதி என் மோட்டார் சைக்கிளின் முன்கண்ணாடியில் இருந்தது.

கண்ணாடி என்று பெயர்தானே தவிர அது பிளாஸ்டிக். ஹெட்லைட்டுக்கு மேலே புறப்பட்டு என் மூக்கு உயரம் வரைக்கும் வந்து நிற்கும். என் மனைவி இராஜகுமாரிதான் கடைக்கு வந்து, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து மாட்டவைத்தாள். "நெஞ்சுல சளி கட்டினா கஷாயம் வெக்கிறது யாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கடைக்காரர் கூடத் தலையாட்டினார்.

நெஞ்சில் காற்றுப் படவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெஞ்சில் படாத காற்று சும்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுமா? கண்ணாடியில் ஏறியது. விளிம்பில் உருண்டது. நேரே என் ஹெல்மெட்டில் வந்து விழுந்தது. வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், டம டம டம என்று அடி. வத்தேகமவிலிருந்து புறப்பட்டு மடவளை தாண்டி நேரான பாதை வந்ததும் என் தலை முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். பேராதனையில் ஆபிஸ் வாசலில் இறங்கிய பிறகும் உடனே நிற்காது. அப்படி ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எங்கள் மேலதிகாரி, "ஞாயித்துக்கிழமை வந்து பழைய ஃபைல்களை அடுக்கித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் கரப்பான் பூச்சிகளும் அடுக்கினோம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பின் சீட்டில் நடந்தது.

இராஜகுமாரி கட்டுகஸ்தோட்டையில் டீச்சர். காலையில் நான்தான் கூட்டிப்போய் இறக்கிவிடுவேன். எங்கள் தெருவில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. புருஷனைக் கேட்காமல் ஒரு ஊசி கூட வாங்கமாட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. எதுவாக இருந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வாள். கேட்கிற இடம்தான் மடவளை நேர் பாதை.

ஹெல்மெட்டுக்குள் எனக்கு என்ன கேட்கும்? பின்னால் யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். தலை தன் பாட்டுக்கு ஆடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன்னறைச் சுவர் ரோஸ் நிறத்தில் இருக்கும்.

"என்னா நெறம் இது?"

"ரோஸுங்க."

"யாரு அடிக்கச் சொன்னது?"

"நீங்கதான். காலைல கேட்டேன், தலையாட்டினீங்க. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் கேட்டேன். முன்ன விட வேகமா ஆட்டினீங்க. ரோஸ்ல இவ்ளோ ஆசையான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சி."

"அடியே, அது காத்துல ஆடினது!"

"காத்துல ஆடினதா, காதுல விழுந்து ஆடினதா, பின்னால இருக்கிறவளுக்கு எப்பிடிங்க தெரியும்?"

இப்படித்தான் என் சாய்வுக் கதிரை அவளுடைய தம்பி வீட்டுக்குப் போனது. அவளுடைய சித்தி மகள் கல்யாணத்துக்கு நான் சமையல் பொறுப்பு எடுத்ததும் இப்படித்தான். வாக்காளர் இடாப்பில் நான் குடும்பத் தலைவர். அந்தத் தலையைக் காற்று வைத்திருந்தது. காற்றை இராஜகுமாரி வைத்திருந்தாள்.

போகட்டும், சுவர்தானே, கதிரைதானே என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மத்தியாஸ் அண்ணன் குரல் கொடுத்தார். வேலைத்தளம் ஒன்றில் ஃபோர்மனாக இருந்து பென்ஷன் எடுத்தவர். இப்போது கோழி வளர்க்கிறார்.

"என்னா தம்பி, பைக்கக் குடுத்துட்டு ஆட்டோ எடுக்கப் போறியாமே?"

எனக்கே அது புதுச் செய்தி.

அந்த பைக் எனக்கு வெறும் வாகனம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது. பெண் பார்க்கப் போனதும் அதில்தான். அதன் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் அன்பு தலைக்கேறி, அதை இராஜகுமாரியின் பெயருக்கே மாற்றியும் கொடுத்தேன். அந்த நேரத்தில் யாராவது ஒரு நல்ல மனிதர் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்திருக்கலாம். ஒருவரும் இல்லை.

குசினிக்கு ஓடினேன்.

"பைக்க விக்கப் போறியா?"

"உங்களக் கேக்காமலா? நான் என்னைக்காவது உங்களக் கேக்காம ஏதாவது செஞ்சிருக்கேனா?"

"இன்னும் கேக்கலையே!"

"திங்கக்கெழம கேக்கலாம்னு இருக்கேங்க."

"இப்பவே கேளு!"

"இப்ப அடுப்புல கறி இருக்குதே."

"என் பதில் முடியாது!"

"கேள்வியே கேக்கல. அதுக்குள்ள பதில் சொன்னா எப்பிடிங்க?" என்று கறியைக் கிளறினாள். பிறகு கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "சேலையச் சுருட்டிப் புடிச்சிக்கிட்டு, ஒரு பக்கமா ஒக்காந்துக்கிட்டு, மழையில நனஞ்சிக்கிட்டுப் போறேங்க. கிளாஸுக்குள்ள போறப்ப சொட்டுது. பிள்ளைங்க சிரிக்குதுங்க. எனக்கும் வயசாகுதில்ல?"

அப்போதே அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நானோ திங்கட்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைக்குள் தலை நின்றால் பைக் தப்பும். தலை ஆடினால் பைக் போகும்.

மறுநாள் பல் துலக்கி முடித்த கையோடு மத்தியாஸ் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, அந்தக் கண்ணாடியக் கழட்டி எறிஞ்சிரலாம்னு பாக்குறேன்."

"முழுசாக் கழட்டாத. கழட்டினா காத்து நெஞ்சப் புடிச்சித் தள்ளும். குட்டையாக்கு. காத்து ஹெல்மெட்டுக்குக் கீழ, தோள்ல வந்து படணும். அப்ப தல அசையாது."

சொல்லிவிட்டு இரும்பறுக்கும் வாளையும் அவரே எடுத்து வந்தார். நான் ஹெல்மெட் போட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் எதிரே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கண்ணாடியில் கோடு போட்டார். அறுக்கும் வேலையை மட்டும் நான் விடவில்லை. என் தலை, என் விடுதலை, நான்தான் அறுப்பேன் என்றேன்.

முதல் வெட்டு வலது பக்கம் சரிந்தது. சமப்படுத்த இடது பக்கத்தைக் குறைத்தேன். இடது பக்கம் பள்ளமாகிவிட்டது. வலது பக்கத்தைக் குறைத்தேன். நடுவில் ஒரு மேடு. மேட்டை அறுக்கும்போது ஓரத்தில் 'டிக்' என்று ஒரு வெடிப்பு ஓடியது. வெடிப்பு போன இடம் வரை முழுவதையும் இறக்கினேன். தரையெல்லாம் பிளாஸ்டிக் தூள். மத்தியாஸ் அண்ணனின் சேவல் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. கடைசியில் அரம் போட்டுத் தேய்த்து முடித்தபோது, மூக்கு வரை நின்ற கண்ணாடி கையகலம் ஆகியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் கூடக் கொறஞ்சிருச்சோ?"

"இல்ல தம்பி. ரேஸ் பைக் மாதிரி இருக்கு."

இராஜகுமாரி பிளேன்டீ கொண்டுவந்தாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். ஏன் அறுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். நான் கைவைத்த எதையும் அவள் அதுவரை நல்லா இருக்கு என்று சொன்னதே கிடையாது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. புறப்பட்டோம். மடவளை தாண்டியது. நேர் பாதை. வேகத்தைக் கூட்டினேன்.

தலை ஆடவில்லை!

நட்டுவைத்த தூண் மாதிரி நின்றது. அடி இல்லை, டம டம இல்லை. காற்று தோளில் பட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. கொஞ்சம் நெஞ்சுக்குள்ளும் போனது. கொஞ்சம் என்ன, நிறையவே போனது. பனியும் சேர்ந்து சட்டைப் பொத்தான் வழியாக நுழைந்து முதுகைத் தொட்டது. பற்கள் கிடுகிடுத்தன. பற்கள் ஆடினால் ஆடட்டும், தலை ஆடவில்லையே.

பின்னாலிருந்து குரல் வந்தது. என்ன கேட்கிறாள் என்று வழக்கம் போல விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. கேள்விதான் எனக்குத் தெரியுமே! கழுத்தை இறுக்கிக்கொண்டேன். திரும்பவும் கேட்டாள். நான் அசையவில்லை. என் தோளைத் தட்டி, காதுக்குக் கிட்ட வந்து இன்னொரு தடவை கேட்டாள். ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழும்பியது. அப்போதும் என் தலையை ஆடவிடவில்லை. இந்தக் கழுத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறதா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் இறங்கினாள். குளிரில் சேலைத் தலைப்பால் காதை மூடியிருந்தாள். கண்ணில் நீர் நின்றது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அந்தக் காற்று அவளையும்தான் அடித்திருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

"ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தோற்றவள் கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பேராதனை வரைக்கும் தும்மிக்கொண்டே போனேன். அன்று முழுக்க ஆபிசில் மூக்கு ஒழுகியது. மேலதிகாரி வந்து ஏதோ வேலை சொன்னார். அசையாமல் நின்று, "முடியாதுங்க சேர்" என்றேன். அவர் பயந்துபோய் அடுத்த மேசைக்குப் போனார். வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். முன்னறையில், ரோஸ் சுவருக்கு முன்னால், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் அண்ணே. நான் நிரோஷன். டீச்சரோட ஸ்கூல்லதான் கணக்குப் படிப்பிக்கிறேன். தெல்தோட்டையிலயிருந்து தினம் பஸ்ல வந்து போறது கஷ்டம். அதான் பைக்க எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் இராஜகுமாரியைப் பார்த்தேன். அவள் பைக்கின் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் தலையாட்டலையே! ஒரு தடவ கூட ஆட்டலையே! கழுத்து இன்னும் வலிக்குது!"

"ஆமாங்க, ஆட்டல. 'பைக்கக் குடுக்கிறதுல உங்களுக்கு வருத்தம் ஏதும் இருந்தா தலைய ஆட்டுங்க'ன்னுதான் கேட்டேன். தோளத் தட்டிக்கூடக் கேட்டேன். நீங்க செல மாதிரி இருந்தீங்க. எனக்குக் கண் கலங்கிருச்சி. என்னா பெரிய மனசுங்க உங்களுக்கு!"

நான் வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது. அதற்குள் நிரோஷன் வாசலில் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். கையகலக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நன்றி அண்ணே. போன மாசம் டீச்சர் காட்டினப்போ இதுல ஒரு பெரிய கண்ணாடி நின்னிச்சி. அதப் பாத்துட்டு வேணாம்னுட்டேன். குட்டையாக்கித் தந்தா எடுக்கிறேன்னு சொல்லிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போன அளவுக்கும் கீழயே அறுத்து வெச்சிருக்கீங்களே!"

வேலிப் பக்கம் திரும்பினேன். மத்தியாஸ் அண்ணன் குனிந்து ஒரு கோழியிடம் ஏதோ முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் நிமிரவே இல்லை.

வண்டி போனது. தெரு முனையில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் கிளட்சை இன்னும் கொஞ்சம் மெதுவாக விட வேண்டும். அவருக்கு அது தெரியவில்லை. ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அழுதேன். சளியும் பிடித்திருந்ததால் இரண்டும் கலந்து வந்தது.

இராஜகுமாரி பக்கத்தில் வந்து, தன் சேலைத் தலைப்பாலேயே என் மூக்கைத் துடைத்தாள். உள்ளே கஷாயம் கொதிக்கிற வாசம் வந்தது. அந்தக் கை பட்டதும் எனக்குக் கோபம் கூடச் சரியாக வரவில்லை.

"ஏன்டி இப்பிடிச் செஞ்ச? ஓடுற வண்டியில, அந்தக் காத்துக்குள்ள வெச்சி ஏன் கேட்ட? வீட்டுல ஒக்கார வெச்சி, மொகத்தப் பாத்து, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வீட்டுல கேட்டா நீங்க பதில் சொல்லிருவீங்களேங்க."