சுறா எண்ணெய் பூசிய குதி

நாய் ஏன் குதியைக் கவ்வுகிறது என்று கேட்டால், ஓடுகிறவனைத்தான் கவ்வும் என்பார்கள். நான் ஓடவில்லை. மாதாவைத் தோளில் வைத்திருந்தேன்.

குருநகரில் எங்கள் கோயில் பெருநாள். அப்போது நிர்மலாவை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். அவளுடைய அப்பா பிடி கொடுக்கவில்லை. "சுற்றுப்பிரகாரத்திலை என்னோடை சேந்து மாதாவைத் தூக்கட்டும். ஆளைப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று சொல்லி அனுப்பினார்.

மாதா சுரூபத்தைத் தண்டுகளில் வைத்து நாலு பேர் தோளில் சுமந்து வெறுங்காலோடு வீதி சுற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று என் குதி இரண்டும் வெடித்துக் கிடந்தன. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய சுறா எண்ணெயை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். (முகத்துக்குப் பவுடரும் போட்டேன். புத்தி அவ்வளவுதான்.)

முன்னுக்கு அவர். அவருக்கு நேர் பின்னால் நான். பக்கத்தில் என் கூட்டாளி யூட்.

முதல் சந்தி தாண்டவில்லை, குதியில் ஈரமாக ஏதோ பட்டது. நாய். நக்குகிறது. திரும்பிப் பார்க்க முடியாது. காலை உதறினால் சுரூபம் சரியும். சரிந்தால் நிர்மலா இல்லை.

"என்னடா நெளியிறாய்?" என்றான் யூட், செபத்துக்கு நடுவில்.

"நாய்."

"மாதா பாத்துக்கொள்ளுவா. நேரை நட."

மாதா முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் பின்பக்கம் நின்றது.

நக்கிய நாய் கவ்வத் தொடங்கியது. ஒவ்வொரு கவ்வுக்கும் என் கால் ஒரு சாண் முன்னுக்குப் போய் அவருடைய குதியில் இறங்கியது. என் பெருவிரல் நகம் சிப்பி மாதிரி. மூன்றாவது தடவை அவர் தடுமாறினார். சுரூபம் சாய்ந்தது. சனம் "மாதாவே" என்றது. நான் கன்னத்தையும் கொடுத்துத் தண்டைத் தாங்கினேன். பல்லைக் கடித்தேன். நாய் என்னைக் கடித்தது.

யாரோ ஒரு பெண் நாயை மெழுகுதிரியால் அடித்துக் கலைத்தாள்.

கோயிலில் சுரூபத்தை இறக்கியதும் அவர் தன் குதியைப் பார்த்தார். இரத்தம். என் குதியைப் பார்த்தார். அங்கும் இரத்தம்.

"உன்னையும் கடிச்சதோ?"

"ஓம்."

"அப்ப ஒரே நாய்தான்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இரண்டு பேருக்கும் விசர்நாய் ஊசி. நாலு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலு தரமும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மூன்றாம் தரம் அவர் கேட்டார்.

"நாய் ஏனடா குதியைப் பாத்துக் கடிக்குது?"

"தெரியாது" என்றேன். (கால் இன்னும் சுறா மணந்துகொண்டிருந்தது.)

"கடிக்கக் கடிக்க நீ தோளை விடேல்லை. நானும் விடேல்லை." குனிந்து குதியைத் தடவினார். "தையிலை கலியாணத்தை வைப்பம்."

மூத்தவனின் ஞானஸ்நானத்தன்றுதான் நிர்மலாவிடம் உண்மையைச் சொன்னேன், மெதுவாக. அவளுக்கு மெதுவாகக் கதைக்க வராது. மாமா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். என் கால் நகத்தைப் பார்த்தார்.

அடுத்த பெருநாளுக்கு, "நீ முன்னுக்கு நில்" என்றார். பாதி வழியில் என் குதியில் அவருடைய நகம் இறங்கியது.

"ஒரு ஊசி கழிஞ்சுது" என்றார் பின்னாலிருந்து.

இதுவரை மூன்று கழிந்துவிட்டன. நான்காவதை மனுசன் வைத்திருக்கிறார். பெருநாள் வந்தால் என் பிள்ளைகள் மாதாவைப் பார்ப்பதில்லை. என் காலைத்தான் பார்க்கிறார்கள்.