முத்துமாரி என்று இங்கே யாரும் இல்லை

கிரெடிட் கார்டு வாங்க வருமானம் வேண்டும், பான் கார்டு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். முக்கியமான ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. விண்ணப்பித்த ஆள் இந்த உலகத்தில் இருக்க வேண்டும். எனக்கு அந்த ஒரு தகுதிதான் இல்லாமல் போய்விட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருத்தங்கலில் வீடு, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் கணக்கு வேலை. லோடுக்கு பில் போட்டே வயதாகிவிடும் என்று நான் நொந்துபோயிருந்த நேரத்தில், மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், சம்பளமும் அதிகம். ஒரே நிபந்தனை, மாதம் பிறக்கும்போது சொந்த லேப்டாப்போடு சேர வேண்டும். மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்க என்னால் முடியாது. வட்டியில்லாத தவணை உண்டு, ஆனால் கிரெடிட் கார்டு இருந்தால்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆக, கார்டு வந்தால் ஆடிட்டர் ஆபீஸ், வராவிட்டால் ஆயுசுக்கும் லோடு பில்.

ஒரு சேலை எடுக்க ஊரில் உள்ள எல்லாக் கடையும் ஏறி இறங்கும் அம்மாவுக்குப் பிறந்தவள் நான். சும்மா ஒரு கார்டை வாங்கிவிடுவேனா? ஒரு கார்டில் விமான நிலையத்தில் சாப்பாடு இலவசம் (எங்க ஊர்ல ஏரோப்ளேனை அண்ணாந்து பாக்கத்தான் முடியும்). இன்னொன்றில் பெட்ரோலுக்குத் தள்ளுபடி (நான் போறது வாறது கம்பெனி வேன்ல). மூன்றாவது கறுப்பு நிறத்தில் தங்கக் கரை போட்டு அவ்வளவு அழகாக இருந்தது. அதிலேயே மனம் கிடந்து புரண்டது. கடைசியில் அறிவு ஜெயித்து, ஆண்டுக் கட்டணம் இல்லாத, லேப்டாப்புக்குத் தவணை தருகிற ஒரு சாதாரண கார்டுக்கு விண்ணப்பித்தேன். பொடி எழுத்தைக்கூட ஒரு வரி விடாமல் படித்தேன். ‘எங்கள் பிரதிநிதி நேரில் வந்து விசாரிக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது. வரட்டுமே, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற எங்கள் பக்கத்தில், ஷூ போட்ட ஒருவர் ஃபைலோடு வந்து யார் பெயரையாவது சொல்லிக் கேட்டால் அது ஆய்வு. அந்த வாரம்தான் பக்கத்துக் கம்பெனிக்கு சீல் வைத்திருந்தார்கள். “யார் வந்து யாரைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லிருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்று எங்கள் முதலாளி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எல்லோரும் என்றால் அம்மாவும்தான். அதே கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் வேலை. அன்று முழங்கால் வலி என்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

மதியம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரல் கிசுகிசுவென்று இருந்தது.

“ஏடி, ஷூ போட்ட ஆபீசர் ஒருத்தர் வந்து ஒன்னயக் கேட்டாரு. கம்பெனியில கணக்குப் பாக்குற முத்துமாரி வீடு இதுதானான்னு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“அப்படி யாரும் இங்கன இல்லைன்னேன். ஒங்க மகள்னு போட்டிருக்கேங்காரு. எனக்கு மகளே கெடையாது, ரெண்டும் ஆம்பளப் பிள்ளைகன்னு சொல்லிட்டேன். கதவைப் போட்டோ பிடிச்சுக்கிட்டு அங்கனதான் வாறாரு. யார் கேட்டாலும் நீ நீயில்லன்னு சொல்லிரு!”

(நான் அவருக்கு ஒரே பிள்ளை. அந்த ரெண்டு அண்ணன்மார் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.)

கம்பெனிக் கணக்கில் ஏதோ வில்லங்கம், என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். கார்டுக்கு விண்ணப்பித்தது ஞாபகத்துக்கே வரவில்லை. அவ்வளவு ஆராய்ச்சி செய்த மண்டை அது!

கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம். வாசலில் வாட்ச்மேன் கருப்பசாமி மாமா, “முதலாளி வெளியூர் போயிருக்காக, இன்னிக்கு வேலையே இல்ல சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர் அதற்கெல்லாம் மசியாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“முத்துமாரிங்கிறவங்க இங்கதானே வேலை பாக்குறாங்க?”

“அப்படி யாரும் இங்க இல்லீங்க.”

அவர் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார். அதன் மூடியில், பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிற எழுத்தில், ‘முத்துமாரி’ என்று பளிச்சென்று இருந்தது.

“இது?”

“அது போன சீசன்ல வேலை பாத்தவுக விட்டுட்டுப் போனது” என்றேன், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு.

அவர் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். என் மேசைமேல் இருந்த போன் அலறியது. அணைத்திருக்கலாம். பதற்றத்தில் எடுத்துக் காதில் வைத்தேன்.

“ஹலோ, முத்துமாரிங்களா?” என்றார், என் முகத்தைப் பார்த்தபடியே.

“ராங் நம்பருங்க” என்றேன், அவர் முகத்தைப் பார்த்தபடியே.

அவர் போனை மெதுவாகக் கீழே இறக்கினார். “மேடம், கிரெடிட் கார்டு வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கேன்.”

“நான்தாங்க முத்துமாரி!”

“இப்பத்தானே இல்லன்னீங்க?”

“இல்லைங்க, இருக்கேங்க!” என்று எழுந்தே நின்றுவிட்டேன். போனில் இருந்த ஆதார் படத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். “படம் சரிதான் மேடம். ஆனா வீட்டுலயோ வேலை பாக்குற இடத்துலயோ ஒருத்தராவது உங்களைத் தெரியும்னு சொல்லணும்ல? நான் ரிப்போர்ட்ல என்ன எழுதுறது?”

இவ்வளவுதானே என்று கருப்பசாமி மாமாவைக் கூப்பிட்டேன். நான் குழந்தையாக இருந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர். “மாமா, நான் யாருன்னு சார்கிட்டச் சொல்லுங்க.”

மாமா என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். என்னை மிரட்டித்தான் இப்படிக் கேட்க வைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

“இந்தப் பிள்ளைய நான் பாத்ததே இல்லையே சார்.”

“மாமா! காலையில எங்கிட்டத்தான டீக்குக் காசு வாங்குனீக?”

“எனக்கு டீ குடிக்கிற பழக்கமே இல்ல சார்” என்றார், வந்தவரிடம்.

அப்பாவைக் கூப்பிட்டேன். லோடு ஆட்டோவில் கோவில்பட்டி போயிருந்தவர் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் அம்மா. “அம்மா, நான் முத்துமாரி பேசுறேன். சார் பக்கத்துல இருக்காக. நான் உன் மகள்தான்னு மட்டும் சொல்லும்மா.”

“யாருங்க நீங்க? இந்தக் குரலையே நான் கேட்டதில்லை” என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டார்.

வந்தவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. ஏதோ எழுதினார். “வரேங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். “தப்பிச்சோம் தாயி!” என்றார் கருப்பசாமி மாமா. அவரை என்ன செய்திருப்பேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஆடிட்டர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அழுதேன். நிஜமாகவே அழுதேன். “ஏம்மா இப்படிப் பண்ணுன?” என்று கத்தியதற்கு அம்மா, “ஒன்னயக் காட்டிக் குடுப்பேனாடி நான்?” என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார். ஒருத்தர்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் வேலை போனது. திட்டவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் மாதக்கணக்கில் அந்தக் கோபத்தோடேயே லோடு பில் போட்டேன். பணம் சேர்த்து லேப்டாப் வாங்கி, வேறு வேலைக்குப் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கிரெடிட் கார்டு பக்கம் இன்றுவரை போகவில்லை.

அம்மாதான் மாறிவிட்டார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடமும், கீரை விற்கிற அக்காவிடமும், கேட்காமலேயே, “எனக்கு ஒரு மக இருக்கா, பேரு முத்துமாரி, இங்கனதான் இருக்கா” என்று சொல்ல ஆரம்பித்தார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் என்னை ஒருமுறை நேரில் பார்த்த பிறகுதான் தெருவைத் தாண்ட முடிந்தது.

பிறகு சாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததுமே அம்மா காப்பித் தட்டை நீட்டினார். தட்டில் காப்பிக்குப் பக்கத்தில் எங்கள் ரேஷன் கார்டு இருந்தது. “இவதான் என் மக. ஒரே மக. சந்தேகம்னா தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுக்கோங்க” என்றார். மாப்பிள்ளையின் அப்பா, “நாங்க ஒண்ணும் கேக்கலியே தாயி” என்று திகைத்துப்போனார். நான் தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

மாப்பிள்ளை மட்டும் அந்த ரேஷன் கார்டை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, நிதானமாகப் படித்தார். இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். “எல்லாரும் ஜாதகத்தைப் பாத்துக் கல்யாணம் பண்ணுவாக. நான் ரேஷன் கார்டைப் பாத்துப் பண்ணுனேன்.”