தாழ்ப்பாளைத் திறந்தது யார்?

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் குடிநீர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முதல் மேலதிகாரி வரை அனைவருக்கும் அவர் 'ஓட்டையார்'தான். மண்ணுக்கடியில் செல்லும் குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டறிவது அவருடைய உத்தியோகம். நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றுவார். மறுமுனையைக் காதோடு சேர்ப்பார். பிறகு கண்களை இறுக மூடிக்கொள்வார். தெருவில் எத்தனை வண்டிகள் அலறினாலும் அவர் காதில் விழுவது அடியில் ஓடும் நீரின் முணுமுணுப்பு ஒன்றே. "இங்க தோண்டுங்க" என்பார். தோண்டினால் ஓட்டை இருக்கும்.

அப்பெயர் மாமனார் வீட்டிலும் வழங்கியதற்குக் காரணம் குழாய் அன்று, திரைப்படம். பேய்ப்படமோ கொலைப்படமோ பார்த்துவிட்டு வந்தால், கதையில் எந்த இடம் பொருந்தவில்லை, குழப்பமான முடிவுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அவர்தாம் விளக்குவார். அவருடைய சகலை வழக்கறிஞர். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சகலை வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களுக்குக் காது மட்டுமே மிஞ்சும். படப் பேச்சு வரும்போது மட்டும் மாமனார் இந்தப் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை" என்பார். அந்த வீட்டில் ஓட்டையாருக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் அந்த மூன்று சொற்களில் அடங்கியிருந்தது.

யாருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. திகில் காட்சி வந்தால் ஓட்டையார் கண்களை மூடிக்கொள்வார். தெருவில் மூடுவது தொழில். திரைக்கு முன்னால் மூடுவது கலப்படமில்லாத பயம். அப்போது பக்கத்திலிருக்கும் மனைவியின் கையையும் கெட்டியாகப் பற்றிக்கொள்வார். அந்த அம்மாளோ, "பேய்ப்படத்துக்குப் போனாத்தான் இவருக்கு என் மேல பாசம் பொங்குது" என்று அக்காளிடம் சொல்லிப் பூரித்திருக்கிறார். ஆக, படங்களில் அவர் கண்டுபிடித்த ஓட்டைகள் எல்லாம் அவர் கண் மூடியிருந்த இடங்களே.

வம்பு வந்தது ஒரு கொலைப்படத்தால். குடும்பத்தோடு திரையரங்குக்குச் சென்று ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள்; மாமியாருக்குக் கடைசி இருக்கை. கதவு, சன்னல் எல்லாம் உட்புறம் தாழிட்ட வீட்டில் ஒரு மருமகள் கொல்லப்படுகிறாள். நிலைக்கண்ணாடியில் கோரமான முகம் ஒன்று தோன்றும் காட்சிக்குப் பிறகு, கொலையாளி வீட்டுக்குள்ளே நிற்கிறான். எப்படி வந்தான்? ஊரெல்லாம் அதே பேச்சு.

மறுநாள் விருந்தில் மாமனார் வழக்கம்போல் திரும்பினார். ஓட்டையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்குது. ஆனா திறந்த ஆள் யாருமில்லை. டைரக்டர் கோட்டை விட்டுட்டார். அதுதான் ஓட்டை."

"ஜன்னல் வழியா வந்தான் சகலை" என்றார் வழக்கறிஞர். "திரைச்சீலை ஆடுதே, நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. ஓட்டை படத்துல இல்லை. உங்க கண்ணுல இருக்கு."

ஓட்டையாரின் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. "அவர் கண்ணைப் பத்தி மட்டும் பேசாதீங்க அத்தான். ஒரு காட்சி விடாமப் பார்க்கிறவர் அவர்."

மாமனார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கேட்க மட்டுமே முடிந்த தீர்ப்புகளை வீட்டில் வழங்குவதில் அவருக்கு ஆசை மிகுதி. படம் இணையத்திலும் வெளியாகியிருந்தது. வரும் சனிக்கிழமை பிற்பகல் இதே கூடத்தில் படத்தைப் போட்டு அனைவரும் பார்ப்பது. தோற்றவர் இனி இந்த வீட்டில் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. மாமியார் ஓட்டையாருக்குத் தண்ணீர் வைத்தார்.

தனியாக ஒருமுறை பார்த்துப் பழகிவிடலாம் என்பது ஓட்டையாரின் முதல் யோசனை. மனைவி கடைக்குப் போன வேளையில், சன்னல்களையெல்லாம் திறந்து வெளிச்சத்தை வரவழைத்து, சத்தத்தை அறவே நிறுத்திவிட்டுப் படத்தைப் போட்டார். அதுதான் பிசகாயிற்று. எப்போது கண்ணை மூடவேண்டும், எப்போது திறக்கலாம் என்று அவருக்கு இதுகாறும் சொல்லிவந்தது காதுதான். சத்தமில்லாத படத்தில் குருட்டாம்போக்காகக் கண்ணைத் திறந்தார். கண்ணாடி முகம் திரை நிறைய நின்றது. கையிலிருந்த ரிமோட் சுவரில் மோதிச் சிதறியது.

கடையிலிருந்து வந்த மனைவி, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றார்.

"கொலைகாரன் மேல கோபம் வந்துடுச்சு."

அந்த அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. தம் கணவர் ரிமோட் உடையும் அளவுக்குப் படத்தை ஆராய்வதாக அக்காளுக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். செய்தி சகலைக்கு எட்டியது. எதிராளி ஆயத்தமாகிறார் என்று கண்ட சகலை, மாமனார் வீட்டுச் சிறிய டி.வி. உதவாது என்றும், தம் வீட்டுப் பெரிய டி.வி.யை ஒலிபெருக்கிகளோடு கொண்டுவருவதாகவும், அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டப்போவதாகவும் பதில் அனுப்பினார். அன்றிரவு ஓட்டையாருக்குச் சாப்பாடு செல்லவில்லை.

அடுத்த யோசனை, வேறொருவர் கண்ணை இரவல் வாங்குவது. அலுவலகத்தில் வீடு வீடாகச் சென்று மீட்டர் கணக்கெடுக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். அவரைப் படத்துக்கு அனுப்பிவைத்து, மறுநாள் தேநீர் வேளையில் மடக்கினார்.

"எப்படி வந்தான்?"

நண்பர் பிடரியைச் சொறிந்தார். "சமையலறையில தண்ணி வெளியில போற வழி இருக்குல்ல? அது வழியா."

"முழு ஆளா?"

"ஒல்லியான ஆள்தானே சார்."

"நீங்களே கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன்னே வச்சுக்குங்களேன். சரியா அந்த இடத்துல எனக்கு ஒரு போன் வந்துடுச்சு."

ஆயுளில் பாதியைக் குழாய்களோடு கழித்தவர் ஓட்டையார். எந்த வீட்டுக் கழிவுநீர் வழியிலும் பூனைகூட நுழையாது என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை. ஆயினும் பயந்த மனிதனுக்கு எதுவும் நம்பத் தகுந்ததாகவே தோன்றுகிறது. அன்றே சகலையை அழைத்து, தாழ்ப்பாள் வாதத்தைத் தாம் கைவிடுவதாகவும், கொலையாளி வந்தது சாக்கடை வழியாக என்றும் தெரிவித்துவிட்டார்.

சகலை வாய்விட்டுச் சிரித்தார். "முதல்ல ஓட்டைன்னீங்க, இப்ப சாக்கடைங்கிறீங்க. வாக்குமூலத்தை மாத்தினா மாமா என்ன நினைப்பார், சகலை?"

மாமா என்ன நினைத்தார் என்பது சனிக்கிழமையன்று விளங்கிற்று. அவர் ஓட்டையாரை "வாங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கூடத்தின் திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. பெரிய டி.வி. சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் கோப்பைகள் அடுக்கிய பழைய கண்ணாடி அலமாரி. அதைக் கண்டதும் ஓட்டையாருக்கு உயிர் வந்தது. டி.வி.யைப் பாராமல் அலமாரிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தால், கண்ணும் திறந்திருக்கும், முகத்தையும் காணவேண்டாம். மனைவி அவரை ஒட்டி அமர்ந்தார். சகலை ரிமோட்டை வாள்போல் பிடித்திருந்தார். அவர் மனைவி தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் நடுநாயகமாக வீற்றிருந்தார். மாமியார் அனைவருக்கும் பின்னால், சமையலறை வாசலில், நாற்காலி போட்டுக்கொண்டார்.

படம் ஓடிற்று. மருமகள் விளக்கை அணைத்தாள். பிடில் ஒன்று எங்கோ முனகத் தொடங்கியது. முனகல் வளர்ந்து, அறையிலிருந்த கோப்பைகளையே அதிரச் செய்தது. இமைகள் தாமாகவே இறங்கின. அவற்றை அரும்பாடுபட்டு உயர்த்தி, பார்வையை அலமாரியில் நட்டார்.

டி.வி. வெளிச்சத்தில், அலமாரிக் கண்ணாடியில், கூடம் முழுவதும் தெரிந்தது. சமையலறை வாசல் மட்டும் இருட்டில் கிடந்தது.

சகலை கண்களை இறுக மூடியிருந்தார். கட்டைவிரல் ரிமோட்டின்மேல் விறைத்து நின்றது. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. அவர் மனைவி தலையணைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்களும் மூடியிருந்தன. ஓட்டையாருக்குக் கை வலித்தது. குனிந்து பார்த்தார். இன்று அவர் யார் கையையும் பற்றவில்லை. மனைவிதான், கண்களை மூடியபடி, அவர் விரல்கள் நெரியுமாறு பற்றியிருந்தார்.

உலகில் தாம் ஒருவரே திறந்த கண்ணோடு இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. மெல்ல டி.வி. பக்கம் திரும்பினார்.

கோரமுகத்தின் மூக்கு ஓர் ஓரத்தில் ஒட்டாமல் பெயர்ந்திருந்தது. அதற்குப் பின்னால், நடைவழியில், கதையில் வரும் அந்த வீட்டு மாமியார் நிதானமாக நடந்து வந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். காலைச் சுற்றிய பூனையை வெளியே விட்டாள். கதவை வெறுமனே சாத்திவிட்டுக் கொட்டாவியோடு திரும்பினாள். கதவு காற்றில் திறந்துகொண்டது. சன்னல் திரைச்சீலை ஆடிற்று. அவ்வளவே.

பிடில் ஓய்ந்தது. கூடத்தில் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சகலை அவசரமாக ரிமோட்டை அழுத்தினார்.

"பார்த்தீங்கல்ல எல்லாரும்? ஜன்னல்."

மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தெளிவாத் தெரிஞ்சுது. ஜன்னல்தான்."

"நானும் பார்த்தேங்க" என்றார் மனைவி, கணவரின் காதருகே, துயரத்தோடு.

"சந்தேகம் இருந்தா மறுபடி ஓட்டிக் காட்டறேன், சகலை" என்றார் வழக்கறிஞர். சொன்னவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டதை ஓட்டையார் கண்டார்.

ஒரு சொல் போதும். மரியாதை முழுவதும் வட்டியோடு திரும்பிவிடும். ஆனால் சில கசிவுகளைத் தோண்டப் போனால் தெருவே உள்வாங்கிவிடும். அத்தகைய இடங்களில் ஓட்டையார் கம்பியை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவதுண்டு.

"வேண்டாம் சகலை" என்றார் அமைதியாக. "நீங்க சொன்னதே இருக்கட்டும். இனிமே நான் இங்க படத்தைப் பத்திப் பேசலை."

எழுந்து சமையலறைக்குச் சென்றார். மாமியார் தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"பூனையை விடப் போய்த் தாழ்ப்பாள் போட மறந்தது அந்த மாமியார்தானே, மாப்பிள்ளை? இத்தனை வருஷமா இந்த வீட்டுல நான் ஒருத்தியே கண்ணைத் திறந்து படம் பார்த்துக்கிட்டிருந்தேன். அலமாரிக் கண்ணாடியில உங்க கண்ணையும் பார்த்தேன். இன்னைக்குத்தான் துணைக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு."