கோப்ரலுக்குப் போர்த்திய பொன்னாடை

மனிதர்களில் பலன் விளக்குநர் என்று ஓர் இனம் உண்டு. பரீட்சை எழுதுவது இவர்கள் வேலையல்ல. எழுதினால் உங்களுக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்று, உங்களை எழுத விடாமல் விளக்குவதுதான் வேலை. கொட்டகலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எங்கள் அழகையா அண்ணன் இந்த இனத்தில் முதல் வரிசை. அவர் இதுவரை எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. எழுதியிருந்தால்தானே?

இராணுவத்தில் இருக்கும் கிஷாந்த், சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் மட்டும் சித்தியடையாததால் கோப்ரலாகவே நிற்கிறவன், அதைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதிவிடலாமென்று அரும்பாடுபட்டு லீவு வாங்கித் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்தான். விடுவாரா அண்ணன்? அவன் வீட்டு லயத்து வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சார்ஜன் பதவி, சம்பள உயர்வு, பென்ஷன், அதற்குப் பிறகு வங்கியில் பாதுகாப்பு அதிகாரி வேலை, இன்னும் பிறக்காத மகளுக்கு நல்ல இடத்துச் சம்பந்தம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கணிதப் புத்தகம் திறந்தபடியே கிடந்தது.

“அண்ணே, அவன் கொஞ்சம் படிக்கட்டுமே” என்றாள் கிஷாந்தின் அக்கா வினோதா.

“படிக்கத்தாம்மா சொல்றேன்! எதுக்குப் படிக்கிறோம்னு தெரியாம படிச்சா மண்டையில ஏறுமா?”

பரீட்சையன்று காலை, மெயின் ரோட்டோரத்து மாரியம்மன் கோயிலில் வழியனுப்பு விழாவே வைத்துவிட்டார். மாலை, பொன்னாடை, மைக். ஹட்டன் பஸ் வந்து ஹோன் அடித்தது.

“அண்ணே, பஸ்சு போயிரும்ணே!”

“பென்ஷனுக்கு வந்துட்டேன் தம்பி, ரெண்டே நிமிசம்.”

போர்த்திய பொன்னாடையை உதறிவிட்டு ஓட முடியுமா? ஊர் என்ன சொல்லும்? கட்டளைக்கு நின்று பழகியவன், மைக்குக்கும் நின்றான். அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டதென்று பரீட்சை மண்டபத்துக்குள் விடவில்லை. இனி எப்போது லீவு கிடைக்குமோ!

பொன்னாடையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான். அண்ணனுக்கும் கண் கலங்கியதென்னவோ உண்மை. அவன் தோளில் கை வைத்து, “இன்னைக்கு மட்டும் எழுதியிருந்தா என்னென்ன கிடைச்சிருக்கும் தெரியுமா?” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் யாரோ இந்நேரம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய் இதை உரக்கப் படித்துக் காட்டி, நேரத்தின் அருமையை நாலு வார்த்தையில் விளக்கலாம் என்று எழுந்தீர்களே, தயவுசெய்து உட்காருங்கள்.