பாம்புக்காது எழுதாத பெயர்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பாம்புக்காதுக்குத் தெரியாமல் எவரும் ஒரு மின்விசிறியைக்கூடச் சுழலவிட்டதில்லை. இதை மிகையெனக் கருதும் வாசகர்கள் அவரை அறியாதவர்கள்.

எழுபதுகளில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வானொலி அலைகளைக் கண்காணிக்கும் அரசு நிலையமொன்றுக்கு நான் பொறுப்பதிகாரி. காவல்துறை, விமானம், கப்பல் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை உண்டு. அதில் பிறர் புகாமல் காதால் காவல் காப்பது எங்கள் பணி. ஒரு மோட்டாரில் எழும் தீப்பொறிகூட அலைவரிசையில் இரைச்சலாகப் புகுந்துவிடும். பௌதிகத்தில் தங்கப்பதக்கம் பெற்ற நான் கையெழுத்திட்டேன். பத்தாம் வகுப்பும் பட்டாளத்து அனுபவமும், அந்தப் பட்டப்பெயரைத் தந்த கூரிய செவியும் கொண்ட பாம்புக்காது ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிலையத்தை நடத்தினார்.

கரகரவென ஓர் ஓசை வந்தால் போதும். "இது வாலாஜாபாத் ரைஸ்மில்லு சார். மோட்டார்ல கார்பன் தேஞ்சி கீது" என்பார். ஜீப்பில் சென்று பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். ஆலைக்காரர் அதை மாற்றும்வரை பாம்புக்காது நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டார். காபி கொடுத்தாலும் தொடமாட்டார்.

வடக்குப்பட்டில் ஒரு திருமணம். தாலி கட்டும் நேரத்தில் ஒலிபெருக்கி காவல்துறையின் அலைவரிசையில் இரைந்தது. பாம்புக்காது பந்தலுக்குள் புகுந்து ஒயரைப் பிடுங்கினார்.

"யோவ், இன்னாய்யா பண்றே? முகூர்த்தம்யா!" என்று அலறினார் மைக்செட்காரர்.

"தாலி கட்ட மைக்கு எதுக்குடா? கையி போதும்!"

மணமகன் பாம்புக்காதின் உடன்பிறந்த தம்பி. மறுநாள் எங்கள் அறிவிப்புப் பலகையில் குற்றவாளிகள் வரிசையில் தம்பியின் பெயர் முகவரியுடன் தொங்கியது.

பெயரைப் பலகையில் ஒட்டும் வழக்கத்தை ஏற்படுத்தியவன் நானே. சட்டத்தில் அதற்கு இடமில்லை; எனினும் அபராதத்தைவிட அவமானம் விரைந்து வேலை செய்யும் என்பது என் கொள்கை.

அவ்வாண்டு மார்கழியில், தினமும் காலை ஆறரை மணிக்குப் பத்து நிமிடம் காவல்துறையின் அலைவரிசை பொரிந்து தள்ளியது. மேலிடம் விளக்கம் கேட்டது. ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, "எவனாக இருந்தாலும் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்!" என்று முழங்கினேன். ஜீப் இரண்டு நாள் ஒரகடத்து வயற்காடெல்லாம் சுற்றியது.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, ஊருக்குள் இருந்த என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இரைச்சல் வரும் திசையைக் காட்டும் வளைய ஆன்டெனாவைத் தோளில் தாங்கிப் பாம்புக்காது நின்றார். என் கையில், மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்த மின்சாரக் கண்ணாடிச் சீப்பு ஊதா நிறத் தீப்பொறி பறக்கப் பொரிந்துகொண்டிருந்தது. வழுக்கையில் தடவினால் முடி முளைக்கும் என்பது மைத்துனரின் வாக்கு.

பாம்புக்காது சீப்பைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"மொளைக்குதா சார்?"

"இல்லை."

"அப்ப நிறுத்திடுங்க சார். போலீசு பேசிக்கினு கீறாங்க."

தம்பியையே விடாதவர் என்னையா விடுவார்? வழுக்கையை மறைத்துத் தலைப்பாகை கட்டிச் செல்லலாமா என்றுகூட யோசித்தவாறு அலுவலகம் சேர்ந்தேன். கையெழுத்துக்காகத் தாள் மேசையில் காத்திருந்தது: "கருவி: மருத்துவச் சாதனம். உரியவர்: ரேடியோ விவரம் அறியாத ஒருவர். எச்சரித்து விடப்பட்டார்."

அதன்கீழ்த் தங்கப்பதக்கக்காரன் கையெழுத்திட்டேன்.

"யாருண்ணே அந்த ஆளு?" என்று ஊழியர்கள் பாம்புக்காதை வாரக்கணக்கில் துளைத்தனர்.

"பாவம்பா, ஒரு பெரிய மனுசன். வுட்டுடு."

இறுதிநாள்வரை அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இக்கட்டுரையை அந்தச் சம்பவம் நீங்கலாக இருமுறை எழுதிப் பார்த்தேன். அவர் முழுமையாக வரவில்லை. என் மானம் போனால் போகட்டும். அந்த மனிதர் சரியாக வரவேண்டும்.