தாத்தாவுக்குச் சோறு வைத்த குற்றம்

பரம்பரையைத் தேடிப் புறப்படுகிறவன் ஒன்று வசதியுள்ளவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டில் அமைதி இருக்கிற காலமாகப் பார்த்துக் கிளம்ப வேண்டும். நான் இரண்டும் இல்லாமல் கிளம்பியவன். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் உச்சத்தில் இருந்தபோது, தோட்டத்து வாசலில் சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் குத்திப் பார்த்து அனுப்பிய நாட்களில், மலாக்காவில் என் முன்னோர்களைத் தேடினேன். (போலீஸ் தேடியது காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை. இரண்டு தேடலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டதுதான் கதை.)

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. சைக்கிளில் சேலைக் கட்டை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்பேன். அப்படிப் போன வழியில்தான் பெம்பானில் மளிகைக் கடை வைத்திருந்த நல்லபெருமாளின் மகள் பார்வதியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் வாங்கிய உப்பை வைத்து ஒரு கருவாட்டுக் கொட்டகையே நடத்தியிருக்கலாம். பார்வதி ஒரு நாள் உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, “வீட்ல ஆள அனுப்பிக் கேக்கச் சொல்லுங்க. இதுக்கு மேல உப்பு தின்னா உடம்புக்கு ஆகாது” என்றாள். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம்.

என்னை வளர்த்த தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போகப்பட்டவர், திரும்பவில்லை. அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கென்று இருந்த சொந்தம் மாமா மட்டும்தான்.

நல்லபெருமாள் எங்கள் இருவருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, “பையன் எந்த ஊரு?” என்று ஆரம்பித்தார்.

“மெர்லிமாவ் பக்கம் தோட்டம்.”

“அது பொறந்த எடம். பூர்வீகம்?”

“இந்தியா.”

“நாங்க என்ன சீனாவா? இந்தியால எந்த ஊரு, குலதெய்வம் எது?”

மாமா என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

“அது தெரியாம எப்பிடிங்க பொண்ணு கொடுக்கிறது? ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே சாமின்னா பங்காளியாப் போயிடும். அண்ணன் தங்கச்சிக்குத் தாலி எடுத்துக் கொடுத்த பாவத்த நானா சொமக்கிறது?” என்றார் நல்லபெருமாள். அதோடு விடவில்லை. சிரம்பான் பக்கத்திலிருந்து தோட்டத்துக் கணக்கெழுதும் ஒரு கிராணி மாப்பிள்ளை கேட்டு வந்திருப்பதாகவும், ஆடி மாசம் கழிந்ததும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். “உங்க தங்கச்சியக் கட்டிக் கொடுத்தீங்களே, என்ன சாமின்னு கேக்கலியா?”

“தோட்டத்துக் கல்யாணம்டா. வேல வாங்குற தண்டல் நல்ல பையன்னு சொன்னாரு, தாலி கட்டியாச்சு. மறுநா காலைல ரப்பர் பால்வெட்டுக்குப் போகணும், சாமியப் பத்தி யாரு கேட்டா? உங்கப்பன் அவுங்க அப்பன் பேச்சையே எடுக்க மாட்டான். தாத்தன் பேரு சின்னக்கண்ணு, பொதச்சது அவரு வேல செஞ்ச பக்கத்துத் தோட்டத்து இடுகாட்டுல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது லா.”

ஆக, ஒரு பெயரும் ஒரு இடுகாடும் கையில். மற்றதை விசாரித்துவிடலாம் என்று தாத்தா வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். புத்திசாலி என்றால் நான்தான் புத்திசாலி. எவனாவது இரண்டு பேரின் பெயரைச் சேர்த்துக் கேட்டாலே போலீஸ் உளவாளியா, காட்டுக்காரன் உளவாளியா என்று நடுங்கிய காலத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று, “அந்தக் காலத்துல இங்க யார் யார் இருந்தாங்க, யாருக்கு யார் சொந்தம்?” என்று கேட்டேன். கதவுகள் சாத்தின சத்தத்தில் ரப்பர் கொட்டைகள் உதிர்ந்தன. ஒரு பெரியவர், “எனக்கு எங்கப்பன் பேரே ஞாபகம் இல்ல தம்பி” என்றார். இன்னொருவர் மட்டும் சின்னக்கண்ணு என்றதும் முகம் மாறி, “வேணாம், பழசக் கிண்டாத” என்று உள்ளே போய்விட்டார்.

தோற்றுப்போய் நல்லபெருமாளிடமே திரும்பினேன். அவர்தான் யோசனை சொன்னார். “ஆடி அமாவாசைக்குத் தாத்தன் சமாதில படையல் போடு. வயிறு குளுந்தா கனவுல வந்து சொல்லிடுவாங்க.”

எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. (காதலிக்கிறவனுக்கு எதுவும் நியாயமாகப் படும். உப்பை நினைத்துப் பாருங்கள்.)

அமாவாசையன்று சோறு, சாம்பார், கருவாட்டுக் குழம்பு, வடை, ஒரு போத்தல் கள்ளு, சுருட்டு எல்லாம் தயார் செய்தேன். அரிசி ஒரு பிடி வெளியே போனாலும் காட்டுக்குப் போகிறது என்று பிடிப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆகவே சாமர்த்தியமாக எல்லாவற்றையும் சேலைக் கட்டுக்குள் ஒளித்துக் கட்டிக்கொண்டு போனேன். ஒளிக்காமல் போயிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பார்கள்.

இடுகாடு தோட்டத்தின் கடைசியில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் காடு. சமாதிகளில் பெயர் கிடையாது, மண்மேடுகள்தான். ஒன்று மட்டும் சிமெண்டு பூசி எடுப்பாக இருந்தது. என் தாத்தாவுக்கு இந்த மரியாதை இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதன் முன்னால் இலை விரித்தேன், பரிமாறினேன். சுருட்டைப் பற்ற வைக்க வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். கள்ளுப் போத்தலைத் திறந்தேன். அப்போது பின்னாலிருந்து மலாயில் ஒரு குரல் கேட்டது.

“கையைத் தூக்கு.”

தூக்கினேன். ஒரு கையில் திறந்த போத்தல் இருந்ததை மறந்துவிட்டேன். கள்ளு தலை வழியாக இறங்கிக் காதுக்குள் போனது. திரும்பினால் ஒரு சார்ஜனும் நாலைந்து மாத்தாமாத்தா போலீஸ்காரர்களும் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். வாயில் சுருட்டு புகைய, தலையில் கள்ளு வழிய, நான் அப்போது காட்டுக்காரர்களின் தலைவனைவிடத் தலைவனாக இருந்திருப்பேன்.

“யாருக்குச் சோறு?” என்றார் சார்ஜன்.

“என் தாத்தாவுக்கு.”

“எங்கே அவர்?”

சமாதியைக் காட்டினேன். சமாதிக்கு நேர் பின்னால் காடு. சார்ஜன் காட்டைப் பார்த்தார்.

“எத்தனை பேர்?”

அமாவாசைப் படையல் மூன்று தலைமுறைக்கு. பயத்திலும் எனக்குச் சாஸ்திரம் தவறவில்லை. “மூன்று பேர்.”

“ஆயுதம் இருக்கிறதா?”

“தெரியாது. தாத்தாவை நான் பார்த்ததே இல்லை.”

“பார்க்காமலா சோறு கொண்டு வந்தாய்? பெயர்களைச் சொல்.”

“இரண்டு பேர் பெயர்தான் தெரியும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.”

சொன்னதெல்லாம் சத்தியம். சத்தியம் பேசி ஒருவன் தன்னைத் தானே இவ்வளவு ஆழமாகப் புதைத்துக்கொண்டதை அந்த இடுகாடு அதற்கு முன் பார்த்திருக்காது. ‘செத்துவிட்டார்கள்’ என்ற ஒரே ஒரு சொல் மலாயில் வந்திருந்தால் போதும். அது வரவில்லை. எனக்கு மிச்சமிருந்த மலாய் எல்லாம் கள்ளோடு வடிந்துவிட்டது. நினைவில் நின்றது துணி விலை மட்டும்தான்.

அந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேள்வி. எனக்கு அழுகை வந்தது. இந்தியாவில் எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? அந்த ஊர் தெரியாமல்தானே இங்கே வந்து நிற்கிறேன். பார்வதி சிரம்பானில் கிராணிக்குக் காப்பி ஆற்றுவது கண்ணில் தெரிந்தது.

ஒருவழியாக வார்த்தை திரும்பி வந்து, இது மலாய்க்காரர்களின் கெண்டூரி விருந்து மாதிரி இறந்தவர்களுக்குப் போடுவது என்று சொல்லி முடித்தேன். சார்ஜன் யோசித்தார்.

“எங்கள் கெண்டூரியில் உயிரோடு இருப்பவர்கள் சாப்பிடுவார்கள். உன் கெண்டூரியில் யார் சாப்பிடுவது?”

“காக்கா.”

“அப்படியானால் காத்திருப்போம். காக்கா வந்தால் நீ போகலாம். வேறு யாராவது வந்தால்...” அவர் துப்பாக்கியைத் தட்டிக் காட்டினார்.

எல்லோரும் லாலாங் புல்லில் குப்புறப் படுத்தோம். சார்ஜன் பக்கத்தில் நான். கள்ளு மணத்துக்கு வந்த எறும்புகளெல்லாம் என் மேல் திருவிழா நடத்தின. காக்கா ஒன்றையும் காணோம். மற்ற நாளெல்லாம் வடையைக் கண்டால் விடாத ஜாதி, அன்றைக்கு வேறு வேலையாகப் போய்விட்டது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டினேன். குலதெய்வத்தை மட்டும் கூப்பிட முடியவில்லை, பேர் தெரியாதே.

அப்போது ரப்பர் மரங்களுக்கு இடையிலிருந்து ஓர் உருவம் வந்தது. தலையில் பால்வெட்டு வாளி, முக்காடு. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நேராகச் சமாதிகளிடம் வந்து வாளியை இறக்கியது. உள்ளேயிருந்து வாழை இலையையும் சோற்றையும் எடுத்தது. என் உயிர் பாதி போய்விட்டது.

“கையைத் தூக்கு” என்று சார்ஜன் எழுந்தார்.

நடுத்தர வயதுப் பெண்பிள்ளை. தூக்கவில்லை. “கையில அப்பனுக்கு வச்ச சோறு இருக்கு. மண்ணுல போட்டாப் பாவம். இரு, எறக்கி வச்சுட்டுத் தூக்கறேன்” என்று பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சொல்லிவிட்டு, இலையைப் பதமாக வைத்து, கையை முந்தானையில் துடைத்து, அதன் பிறகுதான் இரண்டு கையையும் தூக்கினாள்.

“யாருக்குச் சோறு?”

“இங்க படுத்திருக்கிற எங்கப்பாவுக்கு. சின்னக்கண்ணுன்னு பேரு. செத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு மேலாச்சு. வேணும்னா எழுப்பிக் கேட்டுக்க.”

நான் புல்லிலிருந்து எழுந்தேன். “சின்னக்கண்ணு எங்க தாத்தா.”

“நீ யாருடா, கள்ளுல குளிச்சவன்?”

“வேலு மகன்.”

தூக்கிய கைகள் தானாக இறங்கின. “வேலு அண்ணன் மகனா?” என்றாள். “எங்கம்மாவ எங்கப்பா ரெண்டாவதாச் சேத்துக்கிட்டதுலேருந்து அண்ணன் எங்க வாசப்படி மிதிக்கல. எங்க இருக்கு அண்ணன்?”

“சயாம் போனவர் வரல அத்த.”

அத்தை தன் இலையிலிருந்த சோற்றை இரண்டு கூறாகப் பிரித்து, பாதியைத் தள்ளி வைத்து, “அண்ணே, சாப்பிடு” என்றாள். என் அப்பாவுக்கு அதுவரை யாரும் படையல் வைத்ததில்லை. நான் மூன்று பேர் என்று சார்ஜனிடம் எண்ணிக்கை சொன்னேனே தவிர, அதில் ஒருவர் அப்பா என்பது அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது. சார்ஜன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து நின்றார்.

அழுது முடித்ததும் அத்தையின் கண் சிமெண்டுச் சமாதியில் விழுந்தது. “ஏண்டா, இது யாரு வச்ச எலை?”

“நாந்தான். தாத்தாவுக்கு.”

“அது கங்காணி சமாதிடா. எங்கப்பா சாகிற வரைக்கும் அந்தாளத் திட்டிக்கிட்டே செத்தாரு. அவனுக்கா வடை போட்ட?”

சார்ஜனுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்தது. விளக்கம் கேட்டார். அத்தை சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் காட்டில் யாராவது இருந்திருந்தால் ஓடியிருப்பார்கள்.

ஆனாலும் அவர் சட்டத்தை விடவில்லை. காட்டோரத்தில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது, நீங்களே தின்று முடியுங்கள் என்றார். காக்காவுக்கு ஒரு பிடி மட்டும் அனுமதி. “அதனிடம் அடையாளக் கார்டு கேட்க முடியாது” என்றார். கங்காணி பங்கு, தாத்தா பங்கு, அப்பா பங்கு எல்லாவற்றையும் நானும் அத்தையும் தின்றோம். தின்றுகொண்டே அத்தை சொன்னாள்: ஊர் ஆரணிப் பக்கம். சாமி பச்சையம்மன்.

அடுத்த வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு பெம்பானுக்குப் போனேன். நெஞ்சை நிமிர்த்தி, “ஆரணிப் பக்கம், பச்சையம்மன்” என்று சொல்லிவிட்டு, “உங்களுக்கு என்ன சாமிங்க?” என்று கேட்டேன்.

நல்லபெருமாள் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவிதான் குரல் கொடுத்தார். “அவருக்குந்தான் தெரியாது தம்பி. அந்த வெக்கத்துலதான் வர்றவுங்களையெல்லாம் கேட்டு வெரட்டிக்கிட்டு இருக்காரு.”

எனக்குத் தலை சுற்றியது. எறும்புக்கடி தடிப்புகூட இன்னும் அடங்கவில்லை. அவர் சாமி தெரியாவிட்டால் பங்காளியா இல்லையா என்று எப்படித் தீர்ப்பது? நல்லபெருமாளும் அதையேதான் முனகினார். “ஒருவேள எங்களுக்கும் பச்சையம்மனா இருந்துட்டா?”

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். “உங்க பெரியவுங்க வீட்டுச் சாமிக்கு என்ன செய்வாங்க? அதாவது ஞாபகம் இருக்கா?”

“எங்கப்பா வருஷா வருஷம் கெடா வெட்டுவாரு.”

“எங்க அம்மனுக்குச் சைவம். பொங்கல் மட்டுந்தான், ரத்தம் காட்டக் கூடாது. அப்ப உங்க சாமி வேற சாமி. பேரு தெரியாட்டி என்ன, தட்ட எடுங்க, மாத்திக்கலாம்.”

உள்ளே ஒரு பொட்டலம் உப்பு கீழே விழுந்து உடைந்தது. பார்வதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கல்யாணத்துக்குப் பின் வந்த முதல் ஆடி அமாவாசைக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கற்பூரம் காட்டி முடித்ததும், “சார்ஜன் வந்துட்டாரு, எல்லாரும் கையத் தூக்குங்க” என்றாள். சிரித்துக்கொண்டே தூக்கினோம். மறு வருஷமும் தூக்கினோம். பிள்ளைகள் பிறந்து, தொட்டிலிலிருந்து பார்த்து, பேசத் தெரியும் முன்பே தூக்கப் பழகின.

போன வருஷம் என் மூத்த மகளின் ஆடி விருந்துக்கு, பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். படையல் முடிந்தது. நாங்கள் அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றோம். சம்பந்தியும் சட்டென்று பயபக்தியோடு தூக்கினார். இறக்கியதும், “இது எந்த ஊர் வழக்கம்ங்க?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “பரம்பரை வழக்கம்” என்றுவிட்டாள்.

இந்த வருஷம் அவர் வீட்டிலும் தூக்கினார்களாம். ஆண்கள் முதலில் தூக்க வேண்டும், பெண்கள் அடுத்தது என்று ஒரு முறையும் ஏற்படுத்தியிருக்கிறாராம். இன்னும் எத்தனையோ தலைமுறை கழித்து எவனாவது ஒருவன் இதன் மூலத்தைத் தேடிக்கொண்டு மெர்லிமாவ் பக்கம் வந்து நிற்பான். பாவம், பெண் வீட்டில் கேட்டிருப்பார்கள்.